தங்கையின் பெயரில் ஒரு காடு

1998ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நான் ஒரு காடு வாங்கினேன். இத்தாலியின் தெற்கில், பலெர்மோ நகரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். கடைசி அரை மணி நேரம் மலைப்பாதை. காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. காடும் ஏரியும் எனக்காக அல்ல. தங்கையின் கலியாணத்துக்குச் சீதனமாக எழுத ஒரு காணி தேவைப்பட்டது. அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது.

ஊரில் எங்களுக்குக் காணி இல்லாமல் இல்லை. வலிகாமத்தின் வடக்கில், கடலுக்குப் பக்கத்தில், ஆறு பரப்பு வளவு, கல் வீடு, கிணற்றில் அரைப் பங்கு. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அதை விட்டு வெளியேறினோம். பிறகு அந்தப் பகுதி முழுவதும் இராணுவத்தின் வேலிக்குள் போய்விட்டது. காணி உறுதிப் பத்திரம் மட்டும் என்னுடன் வந்தது. பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் நானும் தங்கையும் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டில், அலுமாரியின் மேலிருந்த பெட்டிக்குள் அது கிடந்தது. அம்மாவும் அப்பாவும் அந்த உறுதியைத் தங்கையின் பேருக்கென்று வைத்திருந்தார்கள். இருவரும் இறந்துபோய்விட்டார்கள். அவளுடைய காரியம் முடியாமல் என்னுடையதைப் பேசுவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு நாற்பத்தொன்று.

1995 தையில் ஒரு சம்பந்தம் வந்தது, ஜெர்மனியிலிருந்து. 1996 புரட்டாதியில் இன்னொன்று, பலெர்மோவிலேயே. இரண்டும் ஒரே இடத்தில் முட்டி நின்றன. இரண்டாவதைப் பேசிவந்த தரகர் ஒளிக்காமல் சொன்னார்:

"உறுதி கிடக்குது தம்பி, ஆர் இல்லையெண்டது? காணி எங்கை? போய் நிண்டு பாக்கேலாத காணியை மாப்பிள்ளை பகுதி என்னெண்டு ஏற்கிறது?"

மூன்றாவது சம்பந்தம் 1997 மார்கழியில் வந்தது. மாப்பிள்ளை பலெர்மோவின் கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்தார். முப்பத்தொன்பது வயது. ஊரில் விதானையாராக, அதாவது கிராம அதிகாரியாக, இருந்து ஓய்வுபெற்ற தகப்பனாரைத் தன்னிடம் அழைத்து வைத்திருந்தார். விதானையார் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். முப்பது வருடம் ஊர்க் காணிகளின் எல்லைச் சண்டைகளைத் தீர்த்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்களுக்குக் காசு வேண்டாம். நகையும் நீங்கள் போடுறது போடுங்கோ. ஆனால் பிள்ளை கால் வைக்க ஒரு துண்டு நிலம் அவவின்ரை பேரிலை இருக்கவேணும். அது எங்கை எண்டாலும் பரவாயில்லை."

எங்கை எண்டாலும். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அன்றிரவு கொப்பியிலும் அந்தச் சொற்களை அப்படியே எழுதிவைத்தேன். தினமும் எழுதும் வழக்கம் எனக்கு இங்கே வந்த முதல் கிழமையிலிருந்தே உண்டு: மழை, வெயில், வந்த கடிதம், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள்.

பலெர்மோவில் ஓர் அறையைக்கூட வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள், நான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, இதை அவரிடம் சொன்னேன். எண்பத்துமூன்று வயது விதவை. சமையல், துப்புரவு, மருந்து, பத்திரிகை எல்லாம் என் பொறுப்பு. அவருடைய புத்தக அலுமாரியிலிருந்து எடுத்து வாசிக்கவும் எனக்கு அனுமதி இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கணவர் வழியில் மலையில் தனக்கு ஒரு காடு இருக்கிறது என்றார். பிள்ளைகள் இல்லை, கணவரின் தங்கை மகனான மருமகனுக்கு அது வேண்டாம், விறகு வெட்டுகிறவர்கள்கூட இப்போது அங்கே போவதில்லை. எங்கள் எட்டு வருடச் சேமிப்புக்குள் அடங்கும் விலை ஒன்றைச் சொன்னார்.

"காட்டை வைத்து உன் தங்கை என்ன செய்வாள்?" என்று கேட்டார்.

"கலியாணம் செய்வாள், சிஞ்ஞோரா."

அவருக்கு அது விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

பங்குனியின் இரண்டாம் ஞாயிறு சிஞ்ஞோராவின் மருமகன் என்னைக் காரில் கூட்டிப்போனார். வழி முழுக்க மழை; மலையில் ஏறியதும் மழை நின்று மூடுபனி. பாதை முடிந்த இடத்தில் காரை நிறுத்தி, காட்டை நோக்கிக் கையைக் காட்டிவிட்டு, அவர் காருக்குள்ளேயே இருந்து சிகரெட் பிடித்தார். நான் தனியாக உள்ளே போனேன். கீழே கருவாலி மரங்கள். மேலே போகப் போக, வெளிறிய பட்டையும் இலையில்லாத கிளைகளுமாக வேறு மரங்கள். நிழல் விழுந்த பள்ளங்களில் பனிக்கட்டி இன்னும் உருகாமல் அழுக்காகக் கிடந்தது. ஒரு பறவையின் குரல்கூட இல்லை. கால் மணி நேரம் நடந்த பிறகு மரங்கள் விலகின. அங்கே ஏரி இருந்தது.

பெரிய ஏரி அல்ல. ஊர்க் கோயில் கேணியைப்போல் எட்டுப் பத்து மடங்கு இருக்கும். கறுத்த நீர், அசைவில்லாமல். சுற்றி நடந்து எண்ணினேன்: ஐந்நூற்று நாற்பது அடி வைப்பு. ஒரு நீளத் தடியை எடுத்து, கரையிலிருந்து எட்டிய இடத்தில் ஊன்றிப் பார்த்தேன். என் மார்பு உயரத்துக்கு நனைந்தது. கொப்பியில் எழுதினேன்: "நீர் மார்பளவு. நிறம் கறுப்பு; அள்ளினால் தெளிவு. கரையில் பனி. காற்று இல்லை."

கேட்கவேண்டிய ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஊரில் எங்கள் குளம் ஆடி ஆவணியில் வற்றும். மாடுகள் அதற்குள் இறங்கிப் புல் மேயும். அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் வற்றுவது எங்கள் மண்ணின் குறை என்று எப்படியோ மனதில் பதிந்திருந்தது. சிஞ்ஞோராவின் அலுமாரியில் நான் வாசித்த புத்தகங்களில் ஏரிகள் உறைந்தன. அவற்றின் மேல் மனிதர்கள் வழுக்கி விளையாடினார்கள். கோடையில் படகு விட்டார்கள். எதிலும் ஏரி வற்றவில்லை. ஐரோப்பாவில், அதுவும் பனி விழும் மலையில், ஏரி வற்றும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. இந்த நாட்டின் தெற்கு முனையில், ஆபிரிக்காவுக்கு எதிரே இருக்கிறோம் என்பதை நான் தேசப்படத்தில் மட்டுமே அறிந்திருந்தேன்.

உறுதி முடிக்க நொத்தாரிசின் அலுவலகத்துக்கு நானும் தங்கையும் சிஞ்ஞோராவும் மருமகனும் போனோம். எங்கள் வதிவிட அனுமதிப் பத்திரங்கள், permesso, இரண்டையும் நொத்தாரிசு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உறுதியை வேகமாக வாசித்தார். ஆறு ஹெக்டேர். நான் முதல்நாளே கணக்குப் பார்த்திருந்தேன்: இருநூற்று முப்பத்தேழு பரப்பு. எங்கள் ஊரில் நாலு பரப்பு சீதனம் என்றாலே பெரிய சீதனம்.

"ஏரியில் எத்தனை பங்கு?" என்று கேட்டேன்.

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். "பங்கா? ஏரி காணிக்குள் இருக்கிறது. முழுவதும்."

ஊர் உறுதிகள் எல்லாம் கிணற்றுப் பங்கோடும் வழி வாய்க்கால் உரிமையோடும்தான் முடியும். பங்கில்லாத தண்ணீரை எங்கள் பரம்பரையில் யாரும் கண்டதில்லை. தங்கை அரைநாள் லீவு எடுத்து வந்திருந்தாள். வேலை வீட்டு சோப்பு வாசனை கையில் இருந்தது. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னாள்:

"தண்ணியிலை பங்கு கேட்டுச் சண்டை பிடிக்க ஒரு சனமும் இல்லையோ அண்ணை? பிறகு எப்பிடிப் பொழுது போறது?"

நான் சிரித்தேன். பஸ்ஸில் மரங்களையும், பனியையும், ஐந்நூற்று நாற்பது அடி வைப்பையும் அவளுக்கு விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் இடையில் கேட்டாள்:

"அவர் எப்பிடி ஆள், அண்ணை?"

"ஆர்?"

"மாப்பிள்ளை. நீங்கள் ரெண்டு தரம் கண்டிட்டியள். ஏரியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். அவரைப் பற்றி ஒண்டும் தெரியாது."

நல்ல பிள்ளை, குடி இல்லை என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

காணி பார்க்கவும் பெண் பார்க்கவும் ஒரே நாளில் போகலாம் என்று பேச்சு. வைகாசியில் கேட்டேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றார்கள். ஆனியில் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை விதானையாருக்குக் கால்வீக்கம். இரண்டாவது முறை தொலைபேசியில் அவர் சொன்னார்:

"ஆனி முடியப்போகுது தம்பி. இனி ஆடி. ஆடியிலை ஒரு நல்ல காரியமும் துவங்கிறேல்லை. காணி எங்கை ஓடப்போகுது? ஆவணி பிறக்கட்டும், வந்து பாக்கிறம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தக் கோடை பலெர்மோ எரிந்தது. ஆடி முழுவதும் ஒரு துளி மழை இல்லை என்று கொப்பியில் இருக்கிறது. சிஞ்ஞோராவின் பல்கனியில் செடிகள் கருகின. நான் காட்டை நினைத்துக்கொள்வேன், அங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்று.

ஆவணியின் மூன்றாம் திங்கள் போனோம். உணவகம் திங்கட்கிழமையில் பூட்டு. மாப்பிள்ளை முதலாளியின் வான் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். முன்னே அவரும் விதானையாரும்; பின்னே நானும் தங்கையும். தங்கை நீலச் சேலை உடுத்து, முறுக்கும் வடையும் ஒரு வாளியில் போட்டு மூடி வைத்திருந்தாள். விதானையார் வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சால்வை சரிய, அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டார். வயல்கள் எல்லாம் அறுத்து, எரித்து, கறுத்துக் கிடந்தன. ஒரு மணி நேரம் அப்படியே போனது. பிறகு மாப்பிள்ளை கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கேட்டார்:

"வடை வாசம் வருது. காணி பாத்த பிறகுதானோ, அல்லது இப்பவும் குடுப்பினமோ?"

"காணி பிடிக்காட்டில் வடை இல்லை," என்றாள் தங்கை.

விதானையாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது.

காட்டுக்குள் விதானையார் வேலையில் இறங்கிவிட்டார். எல்லைக் கல் எங்கே, பாதை யாருடைய காணிக்குள்ளால் வருகிறது, வடக்கே யார், கிழக்கே யார் என்று கேட்டார். பாதை அரசாங்கத்தினுடையது என்று நான் வரைபடத்தைக் காட்டியதும் தலையாட்டினார். இருநூற்று முப்பத்தேழு பரப்பு என்றதும் நின்று, "எங்கடை ஊர்க் கோயிலுக்கும் இவ்வளவு காணி இல்லை," என்றார். மரத்தைத் தட்டிப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி விரலுக்குள் உருட்டினார். அவருக்குப் பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

"அப்ப, தண்ணி எங்கை?"

"வாங்கோ ஐயா, காட்டிறன்," என்று நான் முன்னே நடந்தேன்.

மரங்கள் விலகின. ஏரி இல்லை.

வெடித்த சேறு இருந்தது. ஒவ்வொரு வெடிப்பும் கை நுழையும் அகலம். நடுவில் ஒரு பாய் அளவுக்குப் பச்சையாக ஏதோ, அதிலிருந்து துர்நாற்றம். ஆட்டுப் புழுக்கைகள். ஓர் ஓரத்தில் செத்த ஆட்டின் முதுகெலும்பு. பங்குனியில் நான் ஊன்றிய தடியோ, வேறு தடியோ, சேற்றில் காய்ந்து நின்றது. நான் வழி தவறிவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். இல்லை, அதே இடம்தான்.

விதானையார் சால்வையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இதுதானோ தம்பி ஏரி?"

அப்போது மாப்பிள்ளை செருப்போடு சேற்றில் இறங்கினார். வெடிப்புக்கு வெடிப்பு தாண்டி நடந்து, நடுவில் போய்நின்று, "அக்காவின்ரை மகன் இதைக் கண்டால் கிரிக்கெட் விளையாடுவான்," என்று கத்தினார். தங்கை சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளும் இறங்கிவிட்டாள். நான் தடுக்கவில்லை. அவர் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் பதில் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் குனிந்து சேற்றில் எதையோ பார்த்தார்கள். ஊரை விட்ட பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் கேட்டதில்லை.

விதானையாரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சால்வையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"பரவாயில்லை தம்பி," என்றார். "குளம் எண்டால் வத்தும்தான். மாரியிலை வரும். மரம் இருக்குது, மண் இருக்குது. நீங்கள் முதலே ஒரு சொல் சொல்லியிருக்கலாம், இப்பிடி எண்டு. நான் சனத்துக்கு ஏரி எண்டெல்லோ சொல்லிப்போட்டன்."

அதற்கு நான் "ஓம் ஐயா" என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு சொல். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பிழை பிடிக்கவும் இல்லை. ஆனால் "முதலே சொல்லியிருக்கலாம்" என்றது எனக்குள் குத்தியது. நான் மறைத்துவிட்டேன் என்று ஒரு மனிதர் நினைத்துக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தோள்பையிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

"நான் மறைக்கேல்லை ஐயா. பங்குனியிலை மார்பளவு தண்ணி. இஞ்சை எழுதிக் கிடக்குது, பாருங்கோ."

"சரி தம்பி. நான் மறைச்சனீங்கள் எண்டு சொல்லேல்லையே."

"இல்லை ஐயா, திகதியைப் பாருங்கோ. வைகாசி கடைசிச் செவ்வாய் உங்களைக் கேட்டனான். லீவு இல்லை எண்டனீங்கள். ஆனி முதல் கிழமை கேட்டனான். கால் வீக்கம் எண்டனீங்கள். ஆனி கடைசியிலையும் கேட்டனான். அப்ப வந்திருந்தால் தண்ணி நிண்டிருக்கும். ஆடி எண்டு தள்ளினது நீங்கள்தானே."

பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து, அவர் முன்னால் நீட்டினேன். அவர் சொன்ன சொற்களையும் வாசித்துக் காட்டினேன்: "காணி எங்கை ஓடப்போகுது."

அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நான் கதைச்சதெல்லாத்தையும் நீர் எழுதி வைச்சிருக்கிறீரோ?"

அதுவரை என்னை நீங்கள் என்று சொன்னவர், ஒரு படி இறக்கி நீர் என்றார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். "எல்லாரையும் எழுதிறனான் ஐயா," என்றேன்.

"சம்பந்தம் பேச வந்த இடத்திலை எனக்கு எதிரா வழக்குக்குச் சாட்சி வைச்சிருக்கிறீர். முப்பது வருசம் விதானை வேலை பாத்தனான். என்ரை வாசல்லை வந்த கள்ளனும் என்னை இப்பிடிக் கேக்கேல்லை." சேற்றை நோக்கித் திரும்பி, மகனைக் கூப்பிட்டார். "வா, போவம்."

சேற்றில் நின்ற இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன நடந்ததென்று அவர்களுக்குத் தெரியாது. தங்கையின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

திரும்பி வரும்போது வடை வாளியை யாரும் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஒருமுறை தகப்பனிடம் ஏதோ மெல்லக் கேட்டார். விதானையார் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்களை ஒரேத்தோவில் இறக்கிவிட்டபோது மாப்பிள்ளை தங்கையைப் பார்த்து, "போயிட்டு வாறம்," என்றார். விதானையார் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிஞ்ஞோராவிடம் ஏரி வற்றிவிட்டதைச் சொன்னேன்.

"ஆடுகள் ஜூன் வரைக்கும் அதில் குடிக்கும். பிறகு அது இருக்காது," என்றார். "எல்லோருக்கும் தெரியுமே. நீ கேட்கவில்லை."

மூன்று கிழமை கழித்துத் தரகர் வந்தார். சாதகத்தை வேறொருவரிடம் காட்டினார்களாம், பொருத்தம் குறைவாம். அவர் போன பிறகு தங்கை பாத்திரம் கழுவினாள். நான் பின்னால் நின்று, அன்று நடந்ததை முதல் முறையாக முழுவதும் அவளுக்குச் சொன்னேன். அவள் தண்ணீரை நிறுத்தவில்லை.

"நீங்கள் பிழையா ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை," என்றாள். "எல்லாம் சரியாத்தானே சொல்லியிருக்கிறியள். திகதியோடை."

அதன் பிறகு அவள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. காலையில் ஒரு வீடு, பின்னேரம் இன்னொரு வீடு என்று போய்வந்தாள். சமைத்தாள். ஞாயிறுகளில் அதிக நேரம் படுத்திருந்தாள். சேற்றில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்க எனக்குப் பலமுறை வாய் வந்தது. கேட்கவில்லை. அவர்கள் கதைத்தது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். மாப்பிள்ளை ஒருமுறை தொலைபேசி எடுத்ததாகப் பிறகு தெரிந்தது. தகப்பனை மீறிச் செய்ய இயலாது என்று சொல்வதற்காக எடுத்தாராம்.

1999 வைகாசியில் அவருக்கு வேறொரு பெண்ணோடு கலியாணம் நடந்தது. பலெர்மோவில் நாங்கள் கொஞ்சச் சனம். எல்லாருக்கும் எல்லாக் கலியாணத்துக்கும் சொல்வார்கள். அழைப்பிதழைத் தரகர்தான் கொண்டுவந்தார். நான் போகவேண்டாம் என்று நினைத்தேன்.

"போகாட்டில்தான் கதைப்பினம்," என்றாள் தங்கை. விடிய எழும்பி, மற்றப் பெண்களோடு மரக்கறி வெட்டவும் போய்விட்டாள்.

ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பெண் பங்குனியில்தான் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண். அவளுடைய வளவும் எங்களுடையதைப்போல அதே வேலிக்குள்தான் கிடந்தது. மேசையில் பக்கத்திலிருந்தவர் அதைச் சொன்னார். காணி ஏதும் எழுதினார்களா என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "ஒண்டும் வாங்கேல்லையாம், விதானையார் நல்ல மனிசன்," என்றார்.

பந்தியில் தங்கையும் பரிமாறினாள். சாம்பார் வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தபோது, விதானையார் விருந்தினர்களை விசாரித்தபடி என்னிடமும் வந்தார். கலியாண வீட்டில் எல்லோரோடும் ஒரு வார்த்தை கதைக்கவேண்டும் என்ற முறை தெரிந்தவர் அவர்.

"என்ன தம்பி, சுகமோ? காணிப் பக்கம் போறனீங்களோ? தண்ணி வந்திட்டுதோ?"

நீங்கள் என்றுதான் கேட்டார். பரிகாசம் இல்லை. கேட்க வேறு விஷயம் இல்லாமல் கேட்டது.

நான் போன ஞாயிறுதான் போயிருந்தேன். மூன்று பஸ் மாறி, மிச்சத்தை நடந்து, தனியாக. தண்ணீர் இடுப்பளவு. இறங்கி நின்று பார்த்தது. நாளும் அளவும் நாக்கின் நுனியில் இருந்தன. தங்கை வாளியோடு பக்கத்தில் நின்றாள்.

"தெரியாது ஐயா," என்றேன். "நான் போகேல்லை."

"ஓமோம், தூரம்தானே," என்றுவிட்டு அவர் அடுத்தவரிடம் போனார்.

தங்கை என் தட்டில் சாம்பாரை ஊற்றினாள். முகத்தில் எதுவும் இல்லை.

பின்னேரம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவளுடைய விரல்களில் வெங்காய வாசம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"போன ஞாயிறு இடுப்பு வரைக்கும் சேறாக் கிடந்த காற்சட்டையைத் தோய்ச்சது நான்தான், அண்ணை."

"ஓம்."

"அப்ப தெரிஞ்சதைச் சொல்லாமல் விட உங்களாலை ஏலும்."

அவள் பதிலுக்காகச் சொல்லவில்லை. இறங்கவேண்டிய இடம் வந்ததும் எனக்கு முன்னே எழும்பி வாசலுக்குப் போனாள்.

அடுத்த மாதம் பகேரியா என்ற பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்ய ஒழுங்கு செய்துகொண்டாள். அங்கே ஒரு முதிய தம்பதி. தனி அறை தருவார்கள். மாதம் ஒரு ஞாயிறு வரலாம். பெட்டியை ரயில் நிலையம் வரைக்கும் நான் தூக்கிப்போனேன். காட்டை விற்றுவிடட்டுமா என்று கேட்டேன். அது தன்னுடைய பெயரில் இருக்கிறது, தான் யோசிப்பதாகச் சொன்னாள். ரயில் பத்து நிமிடம் பிந்தி வந்தது. அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் கதைக்கவில்லை.